அவருடைய பரவாயில்லை

முப்பத்தோரு வருஷம் அந்த ஒரு வார்த்தையோடுதான் அவள் குடித்தனம் நடத்தினாள். கல்யாணத்துக்கு முன்னால், "பொண்ணு எப்படிடா?" என்று அக்கா கேட்டதற்கு அந்த மனுஷன், "பரவாயில்லை" என்றாராம். அதைக் கேட்டுச் சுருங்கிய முகம் பிறகு சரியாக விரியவே இல்லை. சமைத்துப் போட்டால் பரவாயில்லை. புதுசு உடுத்திக்கொண்டு முன்னால் வந்து நின்றால் பரவாயில்லை. பெற்ற மகளை முதன்முதலாகக் கையில் வாங்கியபோதும் அதேதான். இவளுடைய தங்கை வீட்டுக்குப் போனால் மட்டும், "சாப்பாடு பிரமாதம்மா!" என்று வாய் நிறையப் பாராட்டு. அங்கே அப்படிப் பாராட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தட்டோடு உட்கார்ந்து, "கொஞ்சம் சோறு இருக்கா?" என்பார். இவளுக்கு எரியும்.

அவர் போய்ச் சேர்ந்து ஒன்றரை மாதம் கழித்து, பஸ் டிப்போவிலிருந்து டிரைவர் ஒருவர் அவருடைய சாமான்களைக் கொண்டுவந்தார். ஒரு கண்ணாடி, ஒரு டிபன் டப்பா, கிரீஸ் படிந்த சட்டை. வண்டிகளின் பிரேக்கைச் சோதித்து வெளியே அனுப்புவது அவர் வேலை. மகள் உள்ளே சமைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் ஒரு வார்த்தை சொல்லாம வண்டி எடுக்கவே கை வரல, அண்ணி."

"என்னத்தைச் சொன்னாரு உங்க அண்ணன்? வாயைத் திறந்தா பரவாயில்லை. அதுக்கு மேல ஒரு நல்ல வார்த்தை வந்திருக்கா, தம்பி?"

டிரைவர் சிரித்தேவிட்டார். "அதுக்குத்தானே நாங்க தவம் கிடந்தோம்! ஃபிட்டர் வேலையை முடிச்சதும் 'பிரமாதம்டா'ன்னு தட்டிக்குடுத்தார்னா, அவன் மனசு நோகக்கூடாதுன்னு அர்த்தம். அவன் தலை மறைஞ்சதும் தானே வண்டிக்கு அடியில படுத்து மொத்தத்தையும் கழட்டி மாட்டுவார். 'பரவாயில்லை'ன்னுட்டா, கண்ணை மூடிட்டு மலை இறங்கலாம். பதினெட்டு வருஷத்துல என் வண்டிக்கு நாலு தடவை சொல்லியிருப்பார்."

டிரைவர் கிளம்பிய பிறகும் அவள் சட்டையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நாலே தடவையாம். இவளுக்குத் தினம் மூன்று வேளை. தங்கை வீட்டில் அரைவயிறாக எழுந்து வந்து, தட்டைப் பிடித்துக்கொண்டு இவள் சோற்றுக்குக் காத்திருந்த முகம் இப்போது தெரிந்தது. எத்தனை நல்ல நாட்களை உம்மென்று உட்கார்ந்தே கழித்திருக்கிறாள்! "பாவி மனுஷா, அர்த்தத்தையாவது சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று சட்டையிடம் சண்டை போட்டு, வாய்விட்டு அழுதாள்.

மத்தியானம் மகள் பரிமாறினாள். அம்மா சாப்பாட்டில் சரியாகக் கைவைத்தே பல நாள் ஆயிற்று. இன்று முழுசாகச் சாப்பிட்டாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"பரவாயில்லை."

மகளின் முகம் சுருங்கியது. அந்தச் சுருக்கம் அவளுக்கு அத்துப்படி. சட்டென்று மகளின் கையைப் பிடித்தாள்.

"ஐயோ, இது உங்கப்பாவோட பரவாயில்லைடி! அந்தத் தம்பி சொன்னதைக் கேட்டுட்டுத்தானே இருந்தே?" என்று சொல்லிவிட்டு, தட்டை மறுபடியும் நீட்டினாள். "கொஞ்சம் சோறு இருக்கா?"