துர்காப்பூர் போகுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கார் துர்காப்பூர் வரை போய்த் திரும்பாது என்று எனக்குத் தெரியும். அத்தானும் அக்காவும் இன்றுவரை அதை விற்ற கிழவரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாவம், அந்த மனுஷர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. சொன்னவன் நான்.

எழுபத்து நான்காம் வருஷம் மே மாதம் ரயில்வேக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அப்போது நடந்தது இது. என் அக்கா சுப்பம்மாளின் ஒரே மகள் பூங்கோதை. துர்காப்பூரில் உருக்காலையில் வேலை பார்க்கும் அர்ஜுனனுக்கு அவளைக் கொடுத்திருந்தது. தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்த கையோடு கூட்டி வந்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து அத்தானுக்கு அம்மை போட்டிருந்தது. அம்மை போட்ட வீட்டுக்குப் பிள்ளைத்தாய்ச்சியை எப்படிக் கூட்டி வருவது? எட்டாம் மாதம் அழைக்கக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டாள். சரி, ஒன்பதாம் மாதம் ஆகட்டும் என்று காத்திருந்தோம். ஒன்பதாம் மாதம் பிறந்தது. ரயில் நின்றது.

அர்ஜுனன் டிரங்க் கால் போட்டு அத்தானிடம் பேசினான். அவன் விவரமான பையன். "மாமா, இங்க ஆஸ்பத்திரி நடந்து போற தூரத்துல இருக்கு. அத்தைய மட்டும் எப்படியாவது இங்க அனுப்புங்க, பாத்துக்கிடலாம்" என்றான். இதைக் கேட்டதும் அக்காவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே.

"தலைப்பிரசவத்த மாப்பிள்ள வீட்டுலயா பாக்கது? பெத்தவங்க இருக்காங்களா செத்தாங்களான்னு ஊர்ல கேக்க மாட்டாங்களா?" என்றாள்.

எந்த ஊரில் என்று நான் கேட்கவில்லை. திருநெல்வேலியை விட்டு வங்காளத்துக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. இருந்தாலும் அந்த ஊர் அவள் காதுக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கும்.

வாடகைக் கார் ஒன்றும் கிடைக்கவில்லை. ரயில் இல்லாததால் இருந்த கார்களையெல்லாம் பெரிய பெரிய கம்பெனிக்காரர்கள் பிடித்து வைத்திருந்தார்கள். பஸ்ஸில் ஜன்னல் கம்பியிலும் ஆட்கள் தொங்கினார்கள். அப்போதுதான் அத்தானின் கடைக்கு அந்தச் செய்தி வந்தது. அத்தான் இராஜமாணிக்கத்துக்குக் காளிகாட்டில் மளிகைக் கடை. காபிப் பொடி, அப்பளம், நல்லெண்ணெய் என்று நம் ஊர்ச் சாமான் எல்லாம் இருக்கும். வாடிக்கையாகக் காபிப் பொடி வாங்கும் ஒரு வங்காளி வக்கீல், டாலிகஞ்சில் இருப்பவர், கண் பார்வை மங்கிப்போய்க் காரை விற்கப் போகிறாராம்.

அத்தான் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அதுதான் எனக்கு ஆச்சரியம். நான் கார்டன் ரீச்சில் ஒரு கம்பெனியில் ஜீப் ஓட்டுகிறேன். அத்தான் யாரிடமும் என்னை டிரைவர் என்று சொல்ல மாட்டார். "மச்சினன் கம்பெனில இருக்கான்" என்று பாதியில் நிறுத்திக்கொள்வார். கல்யாணம், கருமாதி எதிலும் என்னிடம் யோசனை கேட்டதில்லை. அப்படிப்பட்டவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். "சிவலிங்கம், வண்டி விஷயம் எனக்கு என்ன தெரியும்? நீ பாத்துச் சொல்லு. நீ சரின்னா வாங்கிருதேன். பிள்ளைய கூட்டியாந்த பிறகு கடைக்கும் ஆவும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கார் நன்றாகத்தான் இருந்தது. பச்சை நிறம், இரண்டு கதவு, எண்ணூறு சி.சி. எஞ்சின். பின் சீட்டுக்குப் போக முன் சீட்டை மடக்க வேண்டும். டாலிகஞ்சிலிருந்து ராஷ்பிஹாரி நாற்சந்தி வரை ஓட்டிப் பார்த்தேன். காலை ஏழு மணி, வெயில் ஏறவில்லை, நான் ஒருவன்தான். ஸ்டியரிங் இரண்டு விரலுக்கு அடங்கியது. டிராமுக்கும் ரிக்‌ஷாவுக்கும் நடுவில் நெளிந்து நெளிந்து போனது. இருபது வருஷமாக அடுத்தவன் ஜீப்பை ஓட்டியவனுக்கு அது எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இறங்க மனசே வரவில்லை.

அப்படியே எனக்குத் தெரிந்த நிமாய் மிஸ்திரியிடம் கொண்டுபோனேன். எஞ்சினை ஓடவிட்டு, ஒரு பெரிய ஸ்க்ரூ டிரைவரின் முனையை அதன்மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரல் விட்டுப் பார்த்தார். பிறகு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வங்காளியில் சொன்னார்: "இது ஏரியைச் சுற்றி வருகிற வண்டி, அண்ணா. இரண்டு பேர் ஏறி ஊருக்குள்ளேயே ஓட்டினால் பத்து வருஷம் ஓடும். எஞ்சின் ஹெட்டை ஏற்கெனவே ஒருமுறை கழற்றி ராவியிருக்கிறார்கள். ஆளை ஏற்றிக்கொண்டு துர்காப்பூர் போகிற ஜி.டி. ரோடில் முப்பது மைல் வேகத்துக்கு மேல் போனீர்களானால் கேஸ்கெட் வெடித்து வண்டி நின்றுவிடும். இதைக் கொண்டுபோகாதீர்கள்."

இதைச் சொல்ல வேண்டிய வேலைதான் எனக்கு. அதற்காகத்தான் அந்த நாற்காலியைப் போட்டார்கள். நான் கடைக்குள் நுழைந்தபோது அத்தான் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். அக்காவும் அங்கே இருந்தாள்.

"என்னடே, துர்காப்பூர் போவுமா?"

"அதெல்லாம் ஓட்டுறவன் கையில இருக்கு அத்தான்" என்றேன்.

அத்தான் கடையில் நின்றிருந்த நாலு பேரைப் பார்த்து, "என் மச்சினன் டிரைவரு. கையெழுத்துப் போட்ட மாதிரி அவன் பேச்சு" என்றார். முதல் தடவையாக அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னார். அதற்குப் பிறகு நான் எதை மாற்றிச் சொல்வது? வண்டியை வாங்கிவிட்டார்.

நான், அத்தான், அக்கா என்று போவதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு வண்டியில் ஏறப் போகும்போது அக்கா விரலை மடக்கிப் பார்த்தாள். மூன்று பேர். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது. ஒரு கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளேன் என்றேன், அதையும் சேர்த்து நாலு என்று வைத்துக்கொள்வார்கள். "பிள்ளைய அழைக்கப் போற எடத்துல கல்லக் கட்டிக்கிட்டா போவாவ?" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டு சௌந்தரத்தைக் கூப்பிட்டாள். சௌந்தரம் நல்ல மனசுக்காரி, நல்ல கனமும்கூட. பேத்தி பார்க்கப் போகிற மாதிரி சந்தோஷமாகப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். முறுக்கும் அதிரசமும் அடைத்த இரண்டு டின்கள் அவள் காலடியில். பின் ஸ்பிரிங் அமுங்கி மட்கார்டு சக்கரத்தைத் தொடப் பார்த்தது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

போகும்போது தப்பித்துக்கொண்டோம். விடியற்காலை, சாலை காலி. இருபத்தைந்து மைலுக்கு மேல் நான் மிதிக்கவில்லை. பர்த்வான் தாண்டி இரண்டு தடவை ரேடியேட்டர் கொதித்தது. இரண்டு தடவையும் குளத்துத் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். "வெயிலு அப்படி" என்று அத்தானிடம் சொன்னேன். அவரும் தலையாட்டினார்.

பூங்கோதை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வயிறு இறங்கியிருந்தது. காரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "மாமா, இதுல நான் ஏறுனா நீங்க எறங்கித் தள்ளணுமே" என்றாள். அர்ஜுனன் சிரிக்கவில்லை. பானெட்டைத் திறந்து பார்த்தான். ஆலையில் இயந்திரத்தோடு பழகுகிறவன் அவன். என்னைத் தனியே அழைத்து, "மாமா, நீங்க டிரைவர். உங்களுக்குத் தெரியும். போயிருமா?" என்று கேட்டான். "நீ கவலப்படாத மாப்பிள" என்று அவன் தோளில் தட்டினேன். அந்தக் கையை நான் என்ன செய்வது?

மறுநாள் திங்கட்கிழமை. விடியுமுன் கிளம்பிவிடலாம் என்று நான் சொன்னேன். முதல்நாள் பயணக் களைப்பில் பெண்கள் எழுந்து குளித்துக் கிளம்ப ஏழு ஆகிவிட்டது. ஏழரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும், முடிந்துதான் புறப்பட வேண்டும் என்றாள் அக்கா. ஒன்பதேகாலுக்கு ஐந்து பேராகக் கிளம்பினோம். முன்னால் என் பக்கத்தில் அத்தான். பின்னால் அக்காவுக்கும் சௌந்தரத்துக்கும் நடுவில் பூங்கோதை. மேலே அவள் பெட்டி. தார் அப்போதே இளகத் தொடங்கியிருந்தது.

ரயில் ஓடாததால் சரக்கெல்லாம் சாலையில் வந்துகொண்டிருந்தது. லாரிக்குப் பின்னால் லாரி. மெதுவாகப் போனால் பின்னால் இருப்பவன் ஹாரனை அமுக்கி ஒதுங்கு என்கிறான். ஒதுங்கினால் மண் பள்ளம், வண்டி குலுங்கும், பூங்கோதை 'அம்மா' என்பாள். வேகமாகப் போனால் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போகும். நூறு மைல் இப்படிப் போக வேண்டும்.

பானாகர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு கால்வாய்ப் பாலம். அதற்கு ஏறும் மேடு ஒன்று. மேடு என்றுகூடச் சொல்ல முடியாது, லாரிக்காரன் கியர் மாற்றாமல் ஏறிப் போவான். எங்கள் வண்டி பாதியில் முதல் கியரில் நின்று திணறியது. எரிந்த வாடை வந்தது.

"எல்லாரும் கொஞ்சம் எறங்கி நடங்க, மேல ஏத்திருதேன்" என்றேன்.

இறங்கினார்கள். ஒன்பதாம் மாத வயிற்றோடு பூங்கோதையும் இறங்கி, அக்கா தோளைப் பிடித்துக்கொண்டு அந்த வெயிலில் மேட்டில் ஏறினாள். நான் காலி வண்டியை மேலே கொண்டுபோய் நிறுத்தினேன். துர்காப்பூர் பதினைந்து மைல் பின்னால் இருந்தது. இறக்கத்தில் திருப்பினால் தானாகவே உருளும். நான் திருப்பவில்லை. அவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து ஏறினார்கள். முன்னால் ஓட்டினேன்.

ஏழெட்டு மைல் போயிருப்போம். டப்பென்று ஒரு சத்தம். பானெட்டுக்கு இரண்டு பக்கமும் வெள்ளையாக ஆவி. வண்டி தானாக நின்றது. நிமாய் மிஸ்திரி சொன்னது சொன்னபடி நடந்தது. இரண்டு பக்கமும் அறுத்துப் போட்ட வயல், நிழலுக்கு ஒரு செடி இல்லை.

அரை மணியில் பூங்கோதைக்கு வலி கண்டது. பிரசவ வலி என்றுதான் முதலில் நினைத்தோம். சௌந்தரம்தான் சேலையைப் பார்த்துவிட்டு அத்தானை அந்தப் பக்கம் போகச் சொன்னாள். இரத்தம் நிற்கவில்லை. நான் சாலை நடுவில் நின்று கை காட்டினேன். லாரிகள் என்னைச் சுற்றிக்கொண்டு போயின. அத்தான் ஒரு லாரிக்கு முன்னால் மண்டியிட்டார், அவனும் ஒடித்துத் திருப்பிப் போனான். கடைசியில் நிலக்கரி ஏற்றிவந்த ஒரு சர்தார்ஜி நிறுத்தினார். அதற்குள் ஒன்றேமுக்கால் மணி நேரம் போய்விட்டது. கரித்தூளின்மேல் ஜமுக்காளம் விரித்து அவளைப் படுக்க வைத்துப் பர்த்வான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

பிள்ளை ஆண். அழவில்லை. அவளைப் பிழைக்க வைக்கக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. இரத்தம் வரத் தொடங்கியதும் கொண்டுவந்திருந்தால் பிள்ளையும் பிழைத்திருக்கும், கர்ப்பப்பையும் தப்பியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னாள். நடந்து போகிற தூரத்தில் ஓர் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு வந்தோம் என்று அந்தம்மாவிடம் யாரும் சொல்லவில்லை.

அத்தான் வராந்தாவில் உட்கார்ந்து வக்கீலைத் திட்டினார். ஏமாற்றுக்காரன், காபி குடித்த வாயால் பொய் சொன்னான் என்றார். அக்கா தலையில் அடித்துக்கொண்டு தன் நேரத்தைத் திட்டினாள். என்னை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. "நீ என்னலே செய்வ, உன்னால ஆன மட்டும் ஓட்டுன" என்று அத்தான் என் முதுகைத் தடவிக் கொடுத்தார். அவரை அங்கேயே பிடித்துத் தள்ளிவிடலாம் போல இருந்தது எனக்கு. அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

ஐந்தாம் நாள் அக்கா கஞ்சி வாங்கப் போயிருந்தபோது நான் பூங்கோதை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பேச்சு வரும் என்று நான் நினைக்கவில்லை.

"மாமா, பாலத்துல எங்கள எறக்கி விட்டீங்கள்லா" என்றாள்.

"ஆமாம்மா."

"அப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நீங்க டிரைவர்லா. ஏன் மாமா திருப்பல?"

பொய் சொல்ல எனக்கு நிறைய இருந்தது. லாரி வந்துகொண்டிருந்தது எனலாம், திருப்ப இடமில்லை எனலாம். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதில் எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

"அத்தான்ட்ட போவும்னு சொல்லிட்டேன்மா. வாங்குறதுக்கு முன்னாலயே மிஸ்திரி போவாதுன்னுதான் சொன்னாரு. திருப்பினா எல்லாருக்கும் தெரிஞ்சு போவும். வெக்கமா இருந்துச்சு."

அவள் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். இன்னும் ஏதோ சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தாள் போல.

"அவ்வளவுதானா மாமா?" என்றாள்.

"அவ்வளவுதான்மா" என்றேன்.