மிஞ்சிய வசனம்

பேச்சு மருத்துவம் படிக்கிற பிள்ளைக்குப் பஸ்ஸில் வாய் திறக்கப் பயம் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிவகௌரிக்குச் சிரிப்பு வரவில்லை. யுத்தம் அதன் கடைசி வெறியில் இருந்த காலம் அது. பல்கலைக்கழகத்திலிருந்து செய்முறைப் பயிற்சிக்காகக் கண்டியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அவளை அனுப்பியிருந்தார்கள். ஹந்தானைப் பக்கம் வாடகை அறை. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா போனில் கோல் எடுத்தால், பஸ்ஸை விட்டு இறங்கும்வரை இவள் அதை வெட்டிக்கொண்டே இருப்பாள். தமிழில் ஒரு "ஓம்" சொன்னாலே நாலு தலை திரும்பும். ஊரார் நாக்கையும் உதட்டையும் பாடம் பாடமாகப் படித்தவள், தன் நாக்கை மடித்து வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் போய் இறங்குவாள்.

அங்கே பயிற்சிக்கு வந்தவர்களில் தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் தமிழ் நோயாளிகள் எல்லாம் அவள் தலையில் விழுந்தார்கள். முதலில் விழுந்தவர் பஸ்தியாம்பிள்ளை. டவுனில் புடவைக்கடை ஒன்றில் கிளார்க்காக இருந்தவர். பாரிசவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயிருந்தன. சொல்வது விளங்கும், பதில் சொல்ல வராது. பெயர் என்ன என்றாலும், தேத்தண்ணி வேண்டுமா என்றாலும் ஒரே வசனம்தான் வந்தது.

"மம சிங்ஹல."

நான் சிங்களவன் என்று அர்த்தம்.

மூளையில் அடிபட்டவர்களுக்கு இப்படி ஒரேயொரு வசனம் மிஞ்சுவதுண்டு என்று வகுப்பில் படித்திருந்தாள். சிலருக்குக் கெட்ட வார்த்தை, சிலருக்குப் பெண்சாதியின் பெயர். இவருக்கு ஏன் இந்தக் கோதாரி வசனம் என்றுதான் அவளுக்கு விளங்கவில்லை. மேற்பார்வை பார்த்த மேடத்துக்கோ வலு சந்தோசம். நோயாளிக்குச் சிங்களம் தப்பியிருக்கிறது, பயிற்சியையும் சிங்களத்திலேயே செய் என்றார். நல்ல மனுஷிதான். அந்த வசனம் எங்கே முளைத்தது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையும் இருந்ததில்லை.

பஸ்தியாம்பிள்ளையின் மனைவி மதலேனாதான் அதைச் சொன்னாள். எண்பத்துமூன்று கலவரத்தில் அவரும் கூட வேலைசெய்த பழனியாண்டியும் தெல்தோட்டையிலிருந்து வான் ஒன்றில் வந்துகொண்டிருந்தார்கள். வழியில் ஒரு கூட்டம் மறித்து, ஒவ்வொருவராக யாரென்று கேட்டது. பஸ்தியாம்பிள்ளை சட்டென்று அந்த வசனத்தைச் சொன்னார். சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்த நாக்கு, பிசகவில்லை. பழனியாண்டிக்கு அந்த நாக்கு வாய்க்கவில்லை. அவனை இழுத்து இறக்கியபோது இவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். யாரையோ கூப்பிடுகிறான் என்பதுபோல இவர் நேரே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"அதுக்கப்புறம் அந்தப் பேச்ச வீட்டுல எடுத்ததே இல்ல, மிஸ்," என்றாள் மதலேனா. "இப்ப வாயத் தொறந்தா அது மட்டுந்தான் வருது. எம் பேர ஒருக்கா சொல்ல வைங்க, போதும்."

எல்லாம் அழிந்துபோன தலைக்குள், அந்த நாய்ப்பிறப்புகளுக்குச் சொன்ன பதில் மட்டும் கெட்டியாக உட்கார்ந்திருக்கிறதே என்று சிவகௌரிக்கு ஆத்திரம் வந்தது. எப்படியும் அதைப் பெயர்த்து எறிந்து, அந்த இடத்தில் மதலேனாவின் பெயரை வைப்பது என்று முடிவு கட்டினாள்.

மனப்பாடமானவை சிலசமயம் வேறு வழியாகத் தப்பி வரும் என்பதும் படித்ததுதான். செபம் சொல்லச் சொல்லி மதலேனாவைக் கேட்டாள். "அருள் நிறைந்த மரியே" என்று அவள் தொடங்கியதும் பஸ்தியாம்பிள்ளையின் உதடுகள் கூடவே அசைந்தன. நாள்போக "மரியே" தெளிவாக வந்தது. ஒருநாள் அவர் "மரியே, மரியே" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது சிவகௌரி மனைவியைக் கைகாட்டினாள். அவர் திணறி, முகமெல்லாம் வேர்த்து, "மத... லேனா" என்றார். மதலேனா சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சிவகௌரிக்கும் அழுகை வந்துவிட்டது. அன்றைக்குப் பஸ்ஸில் அம்மாவின் கோலை எடுத்தால்தான் என்ன என்றுகூட இருந்தது. எடுக்கவில்லை.

அடுத்த கிளினிக்குக்கு அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த முறை வந்தபோது பஸ்தியாம்பிள்ளையின் கன்னம் வீங்கியிருந்தது. கட்டுகஸ்தோட்டையிலிருந்து வரும் வழியில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்களாம். ஆமிக்காரன் இவரிடம் பெயர் கேட்டான். ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டை மதலேனா தேடி எடுப்பதற்குள் இவர் வாய் முந்திக்கொண்டது. மம சிங்ஹல. அடையாள அட்டையிலோ பஸ்தியாம்பிள்ளை என்று இருக்கிறது. பொய் சொல்கிறான், எதையோ மறைக்கிறான் என்று இறக்கி முகாமுக்குக் கொண்டு போனார்கள். அங்கே கேட்ட கேள்விக்கெல்லாம் அதே பதில். பதிலுக்குப் பதில் அடி. மறுநாள்தான் விட்டார்கள். அன்றைக்கு உயிரைக் காப்பாற்றிய வசனத்துக்கு இன்றைக்கு உதை.

"பேச்சு வேணாம், மிஸ்," என்றாள் மதலேனா. "வாய மூடிக்கிட்டு இருக்கப் பழக்கிவிடுங்க. அடுத்த தடவ இவர உட மாட்டானுங்க."

"அம்மா, இப்பதானே உங்கட பேர் வந்தது. இதை நிப்பாட்டினால் அதுவும் போயிடும்."

"போகட்டும். ஆள் இருந்தா போதும்."

அன்றிலிருந்து பயிற்சி நேரத்தில் சிவகௌரி ஆமிக்காரியானாள். மேசைக்கு அந்தப் பக்கம் நின்று சிங்களத்தில் அதட்டிப் பெயர் கேட்பாள். அவர் வாய் திறக்கப் போனால் இடது கையைப் பிடித்து, விரலை அவர் உதட்டில் வைப்பாள். பிறகு அதே கையால் சட்டைப்பையிலிருக்கும் அட்டையை எடுத்து நீட்டப் பழக்குவாள். தன் குரலே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அவர் முதலில் மிரண்டார். போகப் போக, நல்ல மாணவனாகப் படித்துக்கொண்டார்.

பயிற்சியின் கடைசி நாள் மேடம் வந்து பார்த்தார். எதைக் கேட்டாலும் விரல் உதட்டுக்குப் போனது, அட்டை நீண்டது. அந்த வசனம் ஒருதரம்கூட வரவில்லை. இப்படி ஒட்டிக்கொண்ட வசனத்தை நிறுத்துவது லேசான காரியமல்ல, உனக்கு நல்ல புள்ளி கிடைக்கும் என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். வெட்கம் பிடுங்கித் தின்றது சிவகௌரியை.

கதவைச் சாத்திவிட்டு, ஒரேயொரு தரம் செபத்தைத் தொடங்கும்படி மதலேனாவைக் கெஞ்சினாள். மதலேனா மெதுவாகத் தொடங்கினாள். பஸ்தியாம்பிள்ளையின் உதடு துடித்தது. சிவகௌரி குனிந்து, மதலேனாவைக் காட்டி, தமிழில் கேட்டாள்.

"ஐயா, இவ ஆர்?"

பஸ்தியாம்பிள்ளை விரலை உதட்டில் வைத்தார். சரியாகச் செய்தேனா என்று கேட்பதுபோல அவளைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்துப் பெண்சாதியிடம் நீட்டினார்.