கேட்டில் கிடந்த குளுக்கோஸ்

என் நிஜப் பெயர் பத்திரகாளி. போஸ்டரில் தாரிணி. பெயரை மாற்றிவைத்த தயாரிப்பாளர், "காளின்னா ஜனங்க பயப்படுவாங்கம்மா" என்றார். பயந்தால் பயந்துவிட்டுப் போகட்டுமே என்று சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. பத்தொன்பது வயது.

இருபத்திரண்டில் எனக்குச் சர்க்கரை வந்தது. மாத்திரையில் அடங்குகிற சர்க்கரை இல்லை. உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோய், தினமும் நாலு ஊசி போட்டால்தான் உயிர் என்கிற வகை. இதைக் கேள்விப்பட்ட ஒரு கம்பெனி, "செட்ல விழுந்து வச்சா யார் பதில் சொல்றது?" என்று என்னைப் படத்திலிருந்தே தூக்கிவிட்டது. அதற்குப் பிறகு ஐந்து வருடமாக நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. இடுப்பில், சேலைக்கு அடியில் ஒட்டியிருக்கும் சின்னப் பில்லை ஒன்று சர்க்கரையை அளந்து போனுக்குச் சொல்லும். அளவு இறங்கினால் போன் அலறும். பக்கத்தில் இருப்பவர்கள் கேட்டால் அலாரம் என்று சொல்லிவிடுவேன். சினிமாவில் நடிப்பதைவிட வெளியேதான் அதிகம் நடித்திருக்கிறேன்.

இந்தப் படம் என் ஒருத்தியை நம்பி எடுக்கிற முதல் படம். பட்டாசுத் தொழிலாளி வேஷம். ஷூட்டிங் நாரணாபுரத்தில், நான் பிறந்து வளர்ந்த ஊரில். எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். என் அம்மா பதினாறு வருடம் சரவெடி பின்னிய மாதிரியான ஒரு ஆபீஸில், காலியாக இருந்த ஒரு ரூமை எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். மற்ற ரூம்களில் சீசன் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது.

காலை ஆறரைக்கு ஊசி போட்டுக்கொண்டு இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். ஒரு இட்லி உள்ளே போவதற்குள் டைரக்டர் சூர்யபிரகாஷ் ஆள் அனுப்பிவிட்டார். வெயில் வந்துவிட்டதாம், உடனே வரவேண்டுமாம். ஊசி போட்டால் சாப்பிட்டே ஆகவேண்டும். சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். மூன்று நாளைக்கு முன்னால்தான் ஒரு ஷாட்டை நிறுத்திவிட்டு அசிடிட்டி என்று பொய் சொல்லியிருந்தேன். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளைப் பாத்துப்பேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னவர் அவர். வாயைத் துடைத்துக்கொண்டு கிளம்பினேன்.

கேட்டில் இருளம்மாள் நின்றாள். பெண்களைச் சோதித்து உள்ளே விடுவது அவள் வேலை.

"வாங்க தாயி. ஊரெல்லாம் தாரிணிங்குது, எங்களுக்கு நீங்க பத்திரகாளிதான். செருப்ப இங்கன விடுங்க. கொண்ட ஊசி, சேப்டி பின்னு, கொலுசு எல்லாம் கழட்டுங்க. போனையும் போடுங்க."

நீல வாளியில் எல்லாவற்றையும் போட்டேன். கேமராவுக்கு மட்டும் எங்கள் படத்தின் மேனேஜர் எப்படியோ அனுமதி வாங்கியிருந்தார். அதுவும் ரூமுக்கு வெளியே, வாசலுக்கு எதிரே நிற்கவேண்டும். இருளம்மாளின் கை என் இடுப்புக் கொசுவத்தில் நின்றது. பில்லை தட்டுப்பட்டுவிட்டதோ என்று மூச்சை அடக்கிக்கொண்டேன். அவள் உருவியது நான் முடிந்துவைத்திருந்த குளுக்கோஸ் பொட்டலத்தை.

"இது என்ன?"

மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். "மூஞ்சிக்குப் போடுற பவுடர்" என்றேன்.

"வெள்ளப் பொடி எதுவும் உள்ள போகாது தாயி. இங்கனயே கெடக்கட்டும், வந்து வாங்கிக்கிடுங்க."

பொட்டலமும் வாளிக்குள் போனது. சர்க்கரை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

ரூமில் என்னோடு நிஜத் தொழிலாளிகள் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். என்னை ஒட்டி ரோஜா. வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறதாம். வெடிமருந்துக்குப் பதிலாகக் கரித்தூளும் மணலும் கலந்து வைத்திருந்தார்கள், அதைப் புஸ்வாணத்துக்கான பூச்சட்டிக் கூட்டில் அள்ளி அடைக்கவேண்டும். முதல் டேக்கில் வெயில் போனது. இரண்டாவதில் காக்கா கத்தியது. மூன்றாவதில் யாரோ குறுக்கே வந்தார்கள். மணி எட்டரை ஆனது.

நாலாவது டேக்கில் எனக்கு முதுகு வேர்த்தது. விரல் நடுங்கி, அள்ளிய தூளில் பாதி மடியில் கொட்டியது.

"அந்த நடுக்கம்! சூப்பர், அப்படியே வைங்க!" என்று வெளியே இருந்து குரல் கொடுத்தார் சூர்யபிரகாஷ். பாவி மனிதன். நான் செத்தாலும் குளோசப் வைப்பான்.

ரோஜா தலையைத் திருப்பாமல் முணுமுணுத்தாள். "அக்கா, கை நடுங்குது. கை நடுங்குனா மருந்துகிட்ட உக்காரக்கூடாதுக்கா."

வெறும் கரித்தூள்தான் என்று அவளுக்கும் தெரியும். பழக்கம் விடவில்லை.

உதடு மரத்துவிட்டது. எதிர்ச் சுவர் இரண்டாகத் தெரிந்தது. இன்னும் இரண்டு நிமிடத்தில் கேமரா முன்னால் விழுவேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவார்கள். அங்கே டாக்டர் சொல்லும் ஒரே வார்த்தையில் படம் போய்விடும். குளுக்கோஸ் கேட்டில் இருக்கிறது. இருநூறு அடி தூரம். எழுந்து நடந்தால் ஏன் என்று கேட்பார்கள். ஓடினால் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

எங்கள் ஊர்ப் பழக்கம் அது. ஆபீஸுக்குள் ஒருத்தி ஓடினால் எல்லாரும் ஓடவேண்டும். பார்த்தவள் கத்தவேண்டும். ஏன், எதற்கு என்பதெல்லாம் கேட்டைத் தாண்டிய பிறகுதான். ஒன்பது வயதில், அம்மாவுக்குச் சோறு கொண்டுபோன அன்றைக்கு, நானே அப்படி ஓடிப் பிழைத்தவள். அதனால் அறியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். தெரிந்தேதான் எழுந்து ஓடினேன்.

"ஓடுங்க! ஏலே, எல்லாரும் ஓடுங்க!" பின்னால் ரோஜாவின் குரல் கிழிந்தது.

ரூம் ரூமாகப் பெண்கள் வெளியே குதித்தார்கள். அவர்கள் கூப்பிட்ட சாமிப் பெயரெல்லாம் காதில் விழுந்தது. நாற்பது ஐம்பது பேர் வெறுங்காலோடு சரளைக்கல்லில் ஓடினார்கள். இருளம்மாள் கேட்டின் இரண்டு கதவையும் விரியத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசி ஆள் வெளியேறும்வரை நகரக்கூடாது என்பது அவளுக்குச் சட்டம். நான் அவள் காலடியில் விழுந்து, வாளியைக் கவிழ்த்து, பொட்டலத்தைப் பல்லால் கிழித்து வாயில் கொட்டினேன். மூஞ்சிக்குப் போடுகிற பவுடரை நான் விழுங்குவதை அவள் பார்த்தாள்.

வெடிக்கவில்லை. புகைகூட இல்லை. பத்து நிமிடத்தில் எனக்குக் கண் தெளிந்தபோது, எல்லாரும் கருவேல மரங்களின் பக்கம் கூடி நின்றார்கள். ரோஜாவின் முழங்கால் கிழிந்து ரத்தம் பாவாடையில் வழிந்திருந்தது. போர்மேன் மணிகண்டராஜ் அவள் முன்னால் நின்று குதித்துக்கொண்டிருந்தார்.

"யாருலே மொதல்ல கத்துனது?"

"நாந்தாண்ணே."

"என்னத்தப் பாத்த? தீயா? பொகையா?"

"அக்கா ஓடுனாக..." என்று என்னைப் பார்த்தாள். "அதான் கத்துனேன்."

"நீ கத்துன, அதான் அவுக பயந்து ஓடிருக்காக. ஷூட்டிங்கப் பாத்து ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு. எந்திரிச்சு வீட்டுக்குப் போ. இந்த ஆபீஸ்னு இல்ல, பொய்க்கு ஓட வச்சவள எந்த ஆபீஸ்லயும் சேக்க மாட்டாக."

ரோஜா அழவில்லை. ரத்தம் வழியும் காலைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் சொல்வேன் என்று நம்புகிற பார்வை. அதைப் பார்த்து எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. அவ்வளவு கேவலமாக இருந்தேன் அன்றைக்கு.

சூர்யபிரகாஷ் என் பக்கத்தில் குனிந்தார். "அந்தப் பொண்ணு கத்தினதாலதானே ஓடினீங்க, தாரிணி? ஆமான்னு சொல்லிடுங்க, பிரச்சனை முடிஞ்சிரும். மத்தியானம் கன்டின்யூ பண்ணலாம்."

தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும்.

இருளம்மாள் அப்போதுதான் கேட்டை விட்டு நகர்ந்து வந்தாள். போர்மேனிடம் பேசுவது போல எல்லாருக்கும் கேட்கப் பேசினாள்.

"இன்னிக்கு ஓடுனது பொய்யி. சரி, போகட்டும். நாளைக்கு ஒருத்தி நெசமா ஓடுவா. அப்ப இவளுக, இதுவும் பொய்யோன்னு ஒரு நிமிசம் யோசிச்சு நிப்பாளுக. அந்த ஒரு நிமிசத்துக்கு யாரு பதில் சொல்லுவா?"

என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எழுந்தேன். இடுப்புச் சேலையை விலக்கிப் பில்லையைக் காட்டினேன். மூன்று படத்தில் பாட்டுக்கு ஆடிக் காட்டிய இடுப்புதான். அன்றைக்குத்தான் கூசியது.

"ரோஜா பொய் சொல்லல. நான்தான் மொதல்ல ஓடுனேன். எனக்குச் சர்க்கரை வியாதி. அஞ்சு வருசமா ஊசி போடுறேன். மயக்கம் வந்துச்சு. சொன்னா படத்த விட்டு எடுத்துருவாகன்னு சொல்லல. ஓடுனா எல்லாரும் ஓடுவீகன்னு தெரிஞ்சேதான் ஓடுனேன். இந்தப் பில்லையும் உள்ள வரக்கூடாத சாமான்தான். அதையும் மறைச்சேன்."

கூட்டத்தில் ஒருத்தி காறித் துப்பினாள். எனக்கு வேண்டியதுதான். சூர்யபிரகாஷ் மேனேஜரைத் தோளில் தட்டிக் கூட்டிக்கொண்டு ஜீப் பக்கம் போனார். மேனேஜர் போனை எடுத்துக் காதில் வைத்தார். சென்னைக்குத்தான். தயாரிப்பாளரிடம் என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியும்.

இருளம்மாள் கவிழ்ந்து கிடந்த வாளியை எடுத்து என் கொலுசையும் போனையும் பொறுக்கிப் போட்டாள்.

"கோட்டிக்காரி. வெள்ளப் பொடி உள்ள போகாதுன்னுதான சொன்னேன்? சீனி வியாதின்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, ஒன்னைய உள்ள விட்டுருக்கவே மாட்டேனே. அம்புட்டுப் பேரு வயித்துலயும் புளியக் கரைச்சிட்டியே."

எனக்கு அழுகை வந்தது. ரோஜாவின் முன்னால் போய் உட்கார்ந்து, முந்தானையைக் கிழித்து அவள் காலில் கட்டினேன். கம்பெனி சேலை, கிழிந்தால் கிழியட்டும். மன்னிச்சிரு என்று சொல்ல வாய் வரவில்லை. வேறொன்றைத்தான் கேட்டேன்.

"இனிமே ஒருத்தி ஓடுனா நீ நின்னு யோசிப்பியா ரோஜா?"

அவள் கட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். போர்மேன் தலையைச் சொறிந்தபடி அவளையும் சேர்த்து எல்லாரையும் உள்ளே போகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"யோசிக்க மாட்டேன்கா. நாளைக்கு நீங்களே மறுபடி ஓடுனாலும் நான் கத்தத்தான் செய்வேன்" என்றாள். நொண்டிக்கொண்டே தன் ரூமுக்குப் போனாள்.