நாலாவது பாட்டில்

காபிக்கொட்டை ஊறிய வினிகரைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் அவள் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். பாதி போய்விட்டது. கூடத்தில் கணவரின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். நாலு மணிக்கு வண்டி வரும். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

தண்ணீர் குடிக்க வந்த கொழுந்தன் அப்படியே நின்றான்.

"அதை ஏன் அண்ணி கொட்றீங்க?"

"விக்கிறதுக்கு முன்னாடி ருசி பார்க்கப் போன வாரம் நாலு பாட்டில் வெச்சேன். உங்க அண்ணன் மூணுக்கு டிக் போட்டார். இதை வேண்டாம்னுட்டார்."

மூடிமேல் அந்தச் சிவப்பு டிக் இல்லாமல் ஒரு பாட்டிலும் வீட்டைவிட்டு வெளியே போனதில்லை. வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டில் நாலு சொட்டு விட்டு நீட்டுவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, பெரிய நீதிபதி மாதிரி மெல்லுவார். செய்கிறவள் நாக்கை நம்பக் கூடாது என்பது அவளே போட்ட சட்டம்.

கொழுந்தன் டம்ளரைக் கீழே வைத்தான். "கொட்டாதீங்க அண்ணி. அண்ணனுக்கு என்ன தெரியும்."

"என்ன தம்பி சொல்றீங்க?"

"பதினோரு வருஷம் முன்னாடி ஒரு காய்ச்சல் வந்துச்சுல்ல, அதுலயே வாசனை போயிடுச்சு. உப்பு, புளிப்பு, காரம், அவ்வளவுதான் தெரியும். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்."

"அப்புறம் எப்படி டிக் போட்டார்?"

"எல்லாமே நல்லா இருக்குன்னா நீங்க கண்டுபிடிச்சிருவீங்களாம். அதனால நாலுல ஒண்ணை வேண்டாம்னு சொல்லிடுவாராம்." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "இந்த வேலையும் போச்சுன்னா அவளுக்கு நான் எதுக்குடான்னு கேட்டார்."

அவர் வேண்டாம் என்றதால் கொட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது. ஆரஞ்சுத் தோல். அத்திப்பழமும் மிளகும். ஒரு ஹோட்டல் சமையல்காரர் வீட்டுக்கே வந்து மீனில் ஊற்றிப் பார்த்துவிட்டு, மாதம் ஐம்பது பாட்டில் கேட்ட ஏலக்காய் வினிகர். கணவர் வேண்டாம் என்றதும் அவளே போன் பண்ணி இல்லையென்று சொன்னாள். அந்த மனிதர் எவ்வளவோ கெஞ்சினார். இத்தனை வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஏமாற்றியிருக்கிறார். செத்துப்போனவர்மேல் இவ்வளவு கோபம் வரலாமா என்று நினைத்தாள். வந்தது.

"அவர் இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே தம்பி."

அவன் கூடத்துக்குப் போய்விட்டான்.

மிச்சம் இருந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். முதலில் புளிப்பு, அப்புறம் லேசான கசப்பு, எல்லாம் அடங்கியபிறகு வறுத்த வாசம். அருமையாக வந்திருந்தது. போன வாரமே அவளுக்குத் தெரியும்.

அதை மூடி வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து டிக் போட்ட மூன்றையும் எடுத்து ஒவ்வொன்றாகச் சுவைத்தாள். பூண்டு பரவாயில்லை. இஞ்சி பரவாயில்லை. ரோஜாதான் சோப்புத் தண்ணீர் மாதிரி இருந்தது. அதுவும் போன வாரமே தெரியும்.

வாசலில் வண்டி வந்து நின்றது.

"அண்ணி, தூக்கப் போறாங்க. கடைசியா ஒரு தடவை முகத்தைப் பாத்துடுங்க."

"வரேன்."

ரோஜாவைத் தொட்டியில் கவிழ்த்தாள். கழுத்து குறுகின பாட்டில். குபுக் குபுக்கென்று மெதுவாகத்தான் இறங்கியது. கூடத்திலிருந்து இன்னொரு முறை கூப்பிட்டார்கள். கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.