பிறந்த வீட்டுச் சீலை

சவரிராயனுக்குச் சோறு போட்டது அவருடைய குரல்தான். நல்லுசாமியின் ஜவுளிக்கடைக்காகக் குதிரை வண்டியில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு திருச்சித் தெருக்களில் விளம்பரம் சொல்லிப் போவார். பொங்கல், தீபாவளி, கிறிஸ்துமஸ் எல்லாவற்றுக்கும் ஒரே தொண்டை. பண்டிகை வந்தால் ஊருக்குக் கொண்டாட்டம், அவருக்குத் தொண்டைக்கட்டு.

அந்த டிசம்பரில் முதலாளிக்குப் புதுப் பித்துப் பிடித்திருந்தது. ரேடியோவில் ஏதோ விளம்பரத்தைக் கேட்டு அவர் சம்சாரம் மூக்கைச் சிந்தியிருக்கிறாள். அதைப் பார்த்துவிட்டார்.

"வெலையைச் சொன்னா எவன்யா வரான்? அழ வைக்கணும். கண்ணு கலங்குனா கை தானா பைக்குள்ள போகும்."

தானே எழுதியும் கொடுத்தார். கட்டிக்கொடுத்த அக்காள் வாசலில் காத்திருக்கிறாள். கிறிஸ்துமசுக்குப் பிறந்த வீட்டுச் சீலை வருமா? தம்பி வருவானா?

சவரிராயன் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அவருடைய அக்காள் சூசையம்மா புள்ளம்பாடியில் இறந்தது அந்த வருஷத் தீபாவளி நெருக்கத்தில்தான். சேதி வந்தபோது அவர் காந்தி மார்க்கெட்டில் மைக்கும் கையுமாக நின்றார். "இந்த ஒரு ரவுண்டை முடிச்சிட்டுப் போயிடுய்யா" என்றார் முதலாளி. முடித்துவிட்டுத்தான் போனார். அதற்குள் குழியை மூடிவிட்டார்கள். செத்தவள் மேல் பிறந்த வீட்டார் போர்த்தும் புதுச்சீலைக்குக் கோடி என்று பேர். அந்தக் கோடி இல்லாமலே அக்காள் போய்ச் சேர்ந்தாள். ஜவுளிக்கடைத் தம்பி கொண்டுபோன சீலையைத் திருப்பிக் கொண்டுவந்தான். யாராவது நாலு வார்த்தை திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். யாரும் திட்டவில்லை.

முதல் நாள் விளம்பரம் சப்பென்று போயிற்று.

"ரேஷன் கடையில பேர் கூப்பிடுற மாதிரி இருக்கு. நாளைக்கும் இப்படின்னா நாடகக்காரன் ஒருத்தனப் பேசி வச்சிருக்கேன்" என்றார் முதலாளி. குரலைத் தவிர விற்பதற்கு வேறொன்றும் இல்லாத மனுஷன் என்ன செய்வார்?

மறுநாள் பாலக்கரை. பொழுது சாய்கிற நேரம். தொண்டை காய்ந்து கிடந்தது.

"ஒரு டீ குடிச்சிட்டுப் பேசலாமேண்ணே" என்றார் வண்டிக்கார ஜெகபர் அலி.

"இந்தத் தெருவ முடிச்சிடுவோம் பாய்."

மைக்கை எடுத்தார். "அக்கா காத்திருக்கிறாள். பிறந்த வீட்டுக் கோடி வருமா..."

சீலை என்பதற்குப் பதில் கோடி என்று வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே விழுந்தது. குழாயடியில் சத்தம் அடங்கியது. "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சுய்யா இது!" என்று ஒருத்தி கத்தினாள். திருத்திச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"வந்தேன்க்கா. வரத்தான் செஞ்சேன். அதுக்குள்ள மூடிட்டாங்க."

உடைந்து அழுதார். ஒலிபெருக்கி அந்த அழுகையைத் தெருக்கோடி வரை கொண்டுபோயிற்று. கத்தியவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெகபர் அலிதான் எட்டி மைக்கை அணைத்தார்.

வேலை போயிற்று என்றே மறுநாள் காலையில் கடைக்குப் போனார். கடையில் கால் வைக்க இடமில்லை. பாலக்கரைக்காரர்கள் அக்காளுக்கும் தங்கைக்கும் சீலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி தன் கையாலேயே காபியை நீட்டினார்.

"தெருவே அழுதுச்சாமே! ஒன் அக்காவுக்குக் கோடி போட முடியாமப் போனத பாய் சொன்னான். பாவந்தான்." கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "கோடிங்கிற வார்த்தைய மட்டும் விட்டுடு, சவரி. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும். ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்துலயும் இதையே சொல்லலாம்."

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தார். "சரிங்க முதலாளி" என்று வந்தது.

வரகனேரியில் மைக்கைப் பிடித்தபோது, அழுகை வரக்கூடாது தாயே என்று மாதாவை வேண்டிக்கொண்டார். 'அக்கா' என்றதுமே வந்துவிட்டது. அடுத்த தெருவிலும் வந்தது. அதற்கடுத்த தெருவிலும், அதே சொல்லில், அதே இடத்தில்.

கிறிஸ்துமஸ் அன்று கடைக்கு லீவு. பூசை முடிந்ததும் புள்ளம்பாடிக்குப் பஸ் ஏறி, அக்காள் கல்லறை முன்னால் போய் நின்றார்.

"அக்கா" என்றார்.

விளம்பரத்தில் சொல்வது போலவே இருந்தது. இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.