ராஜாவின் நெற்றி

மோதிரவிரலின் நுனியில் ஈரக் குங்குமம், அதற்குக் கீழே ராஜா, தலைப்பாகை இறங்கி மூடியதுபோக மிச்சமிருந்த துளி நெற்றி, அந்தத் துளியில் எங்கே வைப்பது என்று விரல் ஒரு கணம் தயங்கி நிற்கிறது, பிறகு வைக்கிறது, மலேசியாவின் ஐம்பது ரிங்கிட் நோட்டுகளை விசிறிபோல விரித்துப் பிடித்து ஒவ்வொரு ராஜாவுக்கும் வைக்கிறது, வைத்து முடித்து ஊதிக் காயவிடுகிறாள் பொன்னழகி, சிங்கம்புணரியில், சாமி அலமாரிக்கு முன்னால், வாசலில் காரோடு நிற்கும் கொழுந்தன், மதினி, பிளேன் ஒண்ணும் நம்மூரு மினி பஸ் இல்ல, கைகாட்டுனா நிக்கிறதுக்கு என்கிறான், இந்தா வந்துட்டேன் என்கிறாள், சொல்லிவிட்டு இன்னொரு தடவை ஊதுகிறாள், அந்த ஊதல் இன்னும் உதட்டிலேயே இருப்பதுபோலத்தான் இருக்கிறது அவளுக்கு, ஆனால் பாருங்கள், இப்போது அவள் நிற்பது பினாங்கில், பணம் மாற்றும் கடை ஒன்றின் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால், கையில் அதே நோட்டுகள், தோளில் மாட்டிய பைக்குள், சிவப்புத் துணியால் வாய் கட்டிய சின்னப் பானையில், அவள் புருஷன் சேவுகன்.

சேவுகன் இந்த ஊரில் ரொட்டி போட்டவர், மாவை விசிறி எறிந்து மெல்லிய துணிபோல ஆக்கி, கல்லில் மடித்துப் போடுகிற வேலை, மாதாமாதம் பணம் அனுப்புவார், பேங்கில் எடுத்து வந்ததும் மேல் நோட்டுக்கு ஒரு பொட்டு வைத்துச் சாமியிடம் வைத்து எடுத்த பிறகுதான் அரிசிக்கடைக்குக்கூடப் போவாள் பொன்னழகி, நீங்களும் வைத்திருப்பீர்கள், முதல் சம்பளத்துக்காவது வைத்திருப்பீர்கள், நம் பக்கத்துக் கடைக்காரன் அந்த நோட்டை வாங்கினால் கண்ணில் ஒற்றிக்கொள்வானே தவிர ஒரு வார்த்தை சொல்ல மாட்டான், செல்லில் முகம் பார்த்துப் பேசும்போது சேவுகன் சிரிப்பார், காகிதத்துக்கெல்லாம் நேரா வைக்கிற, ஒன் நெத்தியில மட்டும் எப்பவும் கோணலா வச்சிட்டு வந்து நிக்கிற, கொஞ்சம் எடப்பக்கம் தள்ளுடி, ஆங், இன்னும் கொஞ்சம், அவள் தள்ளுவாள், கண்ணாடி பார்த்து வைக்கலாம்தான், அவர் சொல்லட்டும் என்றே பார்க்காமல் வைத்தாளோ என்னவோ, அது அவளுக்கே தெரியாது.

ரொட்டிக்கடை முதலாளி போன் பண்ணினார், சேவுகன் நின்ற இடத்திலேயே விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரியில் இருக்கிறார், பேச்சு இல்லை, ஆனால் கேட்கிறது, நீங்கள் வந்தால் நல்லது, வா வா என்று அவர் கூப்பிட்டபோதெல்லாம் அடுத்த வருஷம் என்று தள்ளிவிட்டு, எடுத்து வைத்ததோடு கிடந்த பாஸ்போர்ட்டை அன்றைக்குத்தான் பீரோவிலிருந்து வெளியே எடுத்தாள், திருச்சிக்குப் போய், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வெளிநாட்டுப் பணம் மாற்றுகிற கடையில், அவர் அனுப்பியதில் சேர்த்து வைத்திருந்ததைக் கட்டாக எடுத்து நீட்டி, இதுக்கு மலேசியாப் பணம் குடுங்க தம்பி என்றாள், அவன் பழைய நோட்டுகளைத் தள்ளினான், புதுசா இருந்தா குடுங்க என்றாள், எதுனாலும் செல்லும்மா என்றான், செல்லுறதுக்குக் கேக்கல தம்பி, வீட்டுக்காரரைப் பாக்கப் போறேன், கசங்குனத எடுத்துக்கிட்டா போறது, அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சலசலவென்று புது நோட்டுகளாகக் கொண்டுவந்தான், வெள்ளியாகச் சம்பாதித்தது ரூபாயாக வீட்டுக்கு வந்து, திரும்பவும் வெள்ளியாகி அவரிடமே போகிறது என்று நினைத்தாள், ரிங்கிட்டை அவர் வெள்ளி என்றுதான் சொல்வார், இங்கத்த ஆளுக அப்படித்தான் சொல்லுவாக என்பார், விமானத்துக்குக் காரில் வரும் வழியெல்லாம் கைப்பையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டு வந்தாள், கொழுந்தன் என்னவோ பேசிக்கொண்டே வந்தான், அதில் ஒரு சொல்லும் இப்போது ஞாபகம் இல்லை.

விமானத்துக்குள் போனை அணைக்கச் சொன்னார்கள், அணைத்தாள், இறங்கி வெளியே வந்தபோது சேவுகனோடு ஒரே அறையில் இருந்த மாயழகு கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான், கூட்டத்தில் எல்லோரும் கை ஆட்டினார்கள், அவன் மட்டும் ஆட்டவில்லை, சரி என்று நினைத்தாள், வேறொன்றும் நினைக்கவில்லை, மதினி என்றான், சரி தம்பி என்றாள், அவன் சொல்வதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள், எத்தனை மணிக்கு என்று கேட்டாள், நீங்க மேல இருக்கும்போது மதினி என்றான், அவன்தான் அழுதான், அவன் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இங்கே எவ்வளவு வெளிச்சம் என்று பார்த்துக்கொண்டு நின்றாள், ஊருக்குக் கொண்டுபோக முடியாது, செலவும் காகிதமும் நம்மால ஆகாது என்றார்கள் அவரோடு வேலை பார்த்தவர்கள், சரி என்றாள், சுடுகாட்டில் ஒரு பொத்தானை அமுக்கினார்கள், கதவு மூடிக்கொண்டது, அவளுக்கு அழுகை வரும் என்று எல்லோரும் இரண்டடி தள்ளி இடம் விட்டு நின்றார்கள், வரவில்லை, அந்த ஆட்களுக்கெல்லாம் அறை வாடகைக்கு விட்டிருக்கும் தனபாக்கியம்தான் ஈரத்துண்டோடு கிட்டே வந்தாள், ஊர்ல பெரிய பொம்பளைங்க செய்யணும், இங்க யாரும் இல்லல, மன்னிச்சுக்கமா, நான் செய்யறேன், நெற்றியில் துண்டு குளிர்ச்சியாக இருந்தது, நன்றாகக்கூட இருந்தது, அதற்காக அவள் கூச்சப்படவில்லை, துண்டு சிவந்ததையும் தனபாக்கியம் அதைச் சுருட்டித் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டதையும் வேறு யாருக்கோ நடப்பதைப்போலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இன்று காலை பொன்னழகியும் மாயழகும் படகுத்துறைக்கு வந்தார்கள், சாயங்காலம் அவளுக்கு விமானம், அதற்குள் அவரைக் கடலில் விட்டாக வேண்டும், மதியத்துக்கு மேல் தண்ணீர் வற்றினால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும், பொன்னழகி நோட்டை எடுத்து நீட்டினாள், படகுக்காரன் வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்தான், என்னாக்கா இது, ராஜா மொகத்துல செவப்பா, இத நான் எங்க கொண்டு குடுக்க, ஒருத்தனும் வாங்க மாட்டான்லா, அடுத்த நோட்டை எடுத்தாள், அதிலும் ராஜா பொட்டோடு இருந்தார், அதற்கடுத்ததிலும், படகுக்காரன் சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியாமல் எல்லாத்துக்குமா வச்சீங்க என்றான், மாயழகு தன் பர்ஸை எடுத்தான், நான் குடுக்குறேன் மதினி, அப்புறமாப் பாத்துக்கலாம், வேண்டாம் தம்பி, இது அவுக காசு, அவுகளைக் கொண்டுபோற படகுக்கு அவுக காசுதான், மாயழகு அவளை ஒரு மாதிரி பார்த்தான், வந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் சரி சரி என்றே சொன்னவள் முதல் தடவையாக வேண்டாம் என்கிறாள், பர்ஸை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான், படகுக்காரன் கடலைப் பார்த்தான், சீக்கிரம் மாத்திட்டு வாங்கக்கா, தண்ணி நிக்காது.

அப்படித்தான் இந்தக் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் வந்து நிற்கிறாள், உள்ளே வெள்ளைத் தொப்பி போட்ட காதர் மீரா, எந்த ஊரு தாயி, சிங்கம்புணரியா, நமக்குக் கீழக்கரை, அங்கிட்டுத்தான் என்றபடி நோட்டுகளை வாங்கியவர் முதல் ராஜாவைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார், பிறகு மெல்ல, பொட்டு வச்சா இங்க செல்லாது தாயி, பேங்குல மிஷினு துப்பிப்போடும், நம்ம பக்கத்துப் பழக்கம் அதுக்குத் தெரியாதுல்ல, பின்னால் நின்ற மாயழகு அவரைப் பார்த்துப் பையைக் கண்ணால் காட்டினான், அவர் பையைப் பார்த்தார், சிவப்புத் துணியைப் பார்த்தார், அவள் நெற்றியைப் பார்த்தார், அதற்கப்புறம் எதையும் பார்க்காமல் நோட்டு எண்ணுவதற்கு விரல் நனைக்கிற ஸ்பாஞ்சுக் கிண்ணத்தை முன்னால் இழுத்து, தொடச்சுட்டா எடுத்துக்கிறேன், லேசா மஞ்சளாத் தெரிஞ்சாலும் போகுது, எங்கிட்ட இருக்கட்டும், தொடச்சுரவா என்றார், கேட்டுக்கொண்டே விரலை ஈரமாக்கி ராஜாவின் நெற்றிக்குக் கொண்டுபோனார்.

அந்த விரலைப் பார்த்ததும் அவளுக்கு நெற்றி குளிர்ந்தது, துண்டு பட்டபோது உறைக்காதது இப்போதுதான் வந்து சேர்கிறது, ஒரு நிமிஷம் அண்ணே, நானே செய்யறேன், அவர் கையை எடுத்துக்கொண்டு கிண்ணத்தைத் தடுப்புக்குக் கீழே தள்ளினார், ஒவ்வொரு நோட்டாக எடுத்து அவள் மோதிரவிரலை நனைத்தாள், வைத்த விரலாலேயே துடைத்தாள், தலைப்பாகைக்குக் கீழே ராஜாவின் நெற்றி ஒன்றன் பின் ஒன்றாக வெறுமையாகிக்கொண்டு வந்தது, ஸ்பாஞ்சு சிவந்தது, சேவுகன் ஆஸ்பத்திரியில் காது கேட்டுக்கொண்டு கிடந்தபோது, அவள் சாமி அலமாரிக்கு முன்னால் நின்று, அவருக்காக வைத்த குங்குமம் இது, கடைசியாக வைத்தது, அது காகிதத்திலிருந்து விரலுக்கு வந்துகொண்டிருந்தது, கடைசி நோட்டைத் துடைத்து ஊதிக் காயவைத்தாள், தடுப்புக்குக் கீழே உள்ளே தள்ளினாள், காதர் மீரா வேறு நோட்டுகளை எடுத்து எண்ணத் தொடங்கினார், சலசலவென்று புதுசு, அவள் கேட்கவில்லை, அவரே தேடி எடுத்திருந்தார்.

விரல் மட்டும் ஈரமாக, சிவப்பாக, அந்தரத்தில் நின்றது, அதை எங்கே துடைப்பது என்று பார்த்தாள், முந்தானையிலா, பையின் ஓரத்திலா, அதற்குள் அது தானாகவே மேலே போனது, இத்தனை வருஷமாகக் காலையில் போன வழியிலேயே போனது, அங்கே ஒரு கணம் தயங்கி நின்றது, பிறகு வைத்தது, மாயழகு மதினி என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான், காதர் மீரா எண்ணியதையே திரும்ப எண்ணினார், கண்ணாடித் தடுப்பில் அவள் முகம் தெரிந்தது, அதில் பொட்டு தெரிந்தது, கோணலாக இருந்தது, யாராவது சொல்வார்கள் என்பதுபோல அவள் கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு நோட்டுகளை வாங்கிக்கொண்டு, பையைத் தோளில் ஏற்றி, அப்படியே படகுக்கு நடந்தாள்.