பெரியவனின் கால்கள்

கூடத்துக் கண்ணாடி அலமாரியில், மாமனார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது அவருக்குக் கொடுத்த கடிகாரத்துக்கும் மாமியாரின் பீங்கான் கோப்பைகளுக்கும் நடுவில் பெரியவன் நின்றுகொண்டிருந்தான். முழங்கை உயரம். ஐந்து வண்டிகள் சேர்ந்த உடம்பு. தீயணைப்பு லாரி நெஞ்சு. ஜீப்பும் ஹெலிகாப்டரும் கைகள். வலது கால் ஆம்புலன்ஸ். இடது கால், நடுவழியில் நின்றுபோன வண்டிகளைக் கட்டி இழுக்கும் லாரி. பிரித்து மடக்கினால் தரையில் ஓடும் பொம்மை வண்டிகள், சேர்த்து மாட்டினால் ரோபோ. அத்தனையும் வார்ப்பு உலோகம். விளையாட்டாகத் தூக்கிப் பார்க்கிறவர்கள் கனம் தெரிந்ததும் மரியாதையாகக் கீழே வைத்துவிடுவார்கள்.

நெஞ்சும் கைகளும் மச்சானுடையவை. கால்கள் இரண்டும் மாப்பிள்ளையுடையவை. அந்தக் கல்யாணமே அதனால்தான் நடந்தது என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. முழுப் பொய் என்று சொல்ல முடியாது. செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த மச்சான் மூன்று வண்டிகளைச் சேர்த்துவிட்டுக் கால் கிடைக்காமல் அலைந்தான். கம்பெனியோ அந்த வண்டிகளைச் செய்வதையே நிறுத்திவிட்டது. அந்த நேரத்தில் தங்கைக்கு ஒரு வரன் வந்தது. தையல் தொழிற்சாலையில் மெக்கானிக். மச்சான் அவனிடம் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை, குடும்பத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "ஆம்புலன்ஸ் வச்சிருக்கீங்களாமே?" என்றுதான் கேட்டான். வைத்திருந்தான். இழுவை லாரியும் வைத்திருந்தான். முடிந்தது கதை.

கல்யாணமான புதிதில் இருந்த வாடகை வீட்டில் கூரை ஒழுகியது. அதைச் சரிசெய்யும்வரை இங்கே வந்து இருங்கள் என்றார் மாமனார். கூரை எப்போதோ சரியாகிவிட்டது. அங்கே இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். இவர்கள் இன்னும் இங்கேதான். மனைவி சின்ன வயதில் படுத்த அதே அறை. கட்டில் கிரீச்சிட்டால் சுவருக்கு அந்தப் பக்கம் மாமனார் செருமுவார். ஜன்னலைத் திறந்தால் மச்சான் கடையின் பின்சுவர். குளியலறைக்கு வரிசை. டி.வி.யில் என்ன ஓட வேண்டும் என்று மாப்பிள்ளை ஒரு நாளும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை. வேலையிலிருந்து வந்ததும் கையில் டம்ளர் வரும், உட்கார்ந்தால் தட்டு வரும். புழுங்கிப்போன சட்டை மாதிரி ஒரு வாழ்க்கை. கழற்றவும் தோன்றாது, போட்டிருக்கவும் பிடிக்காது.

திங்கட்கிழமை, பட்டன் துளை போடும் காஜா மெஷினுக்கு அடியில் படுத்துக் கிடந்தவனின் காலைத் தட்டினார் சூப்பர்வைசர்.

"புது யூனிட் திறக்குறோம். வேற ஊரு. மெஷின் மொத்தமும் உன் பொறுப்பு. குடும்பத்தோட தங்கக் குவார்ட்டர்ஸ் தர்றாங்க. சனிக்கிழமைக்குள்ள சொல்லு, இல்லன்னா வேற ஆள் பாக்கணும்."

மனைவியிடம் சொன்னான். அவள் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகக் கேட்டாள்: "தனியாவா? நாம மட்டுமா?"

"ஆமா."

"சமையக்கட்டு தனியா?"

"குவார்ட்டர்ஸ்னா தனியாத்தானே இருக்கும்."

அவள் உடனே பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைக்க ஆரம்பித்தாள். மாப்பிள்ளைக்கு அந்த வேகம் பிடிக்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

"என் ரெண்டு வண்டியையும் எடுத்துக்கிட்டுத்தான் வருவேன்."

"எடுங்க. யாரு வேணாங்குறா?"

மச்சான் கூடத்தில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், பெரியவனோட கால் ரெண்டையும் கழட்டணும்."

"எதுக்கு மாப்ள, தொடைக்கவா?"

"எடுத்துட்டுப் போறதுக்கு. எனக்கு வேற ஊருக்கு மாத்தல் வருது."

மச்சான் தலையைச் சொறிந்தான். வருத்தம் மாதிரித் தெரியவில்லை. மாட்டிக்கொண்ட முழி அது.

"கழலாது மாப்ள."

"ஏன் கழலாது?"

"இடுப்பு லூஸாகி அடிக்கடி குப்புற விழுந்தான்ல... பசை போட்டுட்டேன்."

"பசையா?"

"ரெண்டே சொட்டு."

வண்டி சேகரிக்கிறவனிடம் மூட்டில் பசை போட்டேன் என்று சொல்வதும், உன் பிள்ளையின் முழங்காலில் ஆணி அடித்தேன் என்று சொல்வதும் ஒன்றுதான்.

"உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா மச்சான்? மடக்குறதுக்குத்தானே செஞ்சிருக்கான்? இனிமே இது ஆம்புலன்ஸா ஆகவே ஆகாதே!"

"நிக்கிறானா இல்லையா, அதச் சொல்லு."

"நிக்கிறான். நின்னுக்கிட்டே சாவான்."

"கத்தாத. கடையில போன் கண்ணாடி ஒட்டிக்கிட்டா ஃப்ரீசர்ல வச்சுத்தான் பிரிப்போம். குளிர்ல பசை நொறுங்கிரும். இவனையும் வச்சுப் பாப்போம்."

அப்படித்தான் பெரியவன் ஃப்ரீசருக்குள் போனான். மாமியாருக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "ஐஸ் எடுக்கலாம்னு தொறந்தா ஒருத்தன் மொறைச்சுப் பாக்குறான். நெஞ்சு திக்குங்குது" என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். தினமும் வேலையிலிருந்து வந்ததும் மாப்பிள்ளை அவனை எடுத்துக் காலைத் திருகிப் பார்ப்பான். வராது. "வரல" என்று மனைவியிடம் சொல்வான். சொல்லும்போது தன் குரலில் ஒரு நிம்மதி இருப்பது அவனுக்கே கேட்டது. கேட்காத மாதிரி இருந்துகொண்டான். அவள் ஒவ்வொரு நாளும் பெட்டியில் இன்னும் கொஞ்சம் துணி அடுக்கினாள்.

சனிக்கிழமை தொழிற்சாலையில் அரை நாள். மதியம் வந்தபோது மாமியார் படுத்திருந்தார். மாமனார் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். மனைவி அறைக்குள். மாப்பிள்ளை சமையலறைக்குப் போய்ப் பெரியவனை வெளியே எடுத்தான். உறைபனி விரலைச் சுட்டது. வலது தொடையைப் பிடித்து லேசாகத் திருகினான்.

டிக்.

கால் கையோடு வந்தது. இடது காலும் வந்தது. மூட்டில் வெள்ளைப் பொடியாக ஒட்டியிருந்த பசையை நகத்தால் சுரண்டினான். முழங்காலைப் பின்பக்கம் மடக்கி, பாதத்தை இரண்டாகப் பிளந்து திருப்பினான். கதவுகள் மூடிக்கொண்டன, சக்கரங்கள் கீழே வந்தன. ஆம்புலன்ஸ். ஒரு பழுதும் இல்லை. மேடையில் வைத்துத் தட்டிவிட்டான். அது பாத்திரம் கழுவும் தொட்டி வரைக்கும் ஓடிப்போய் நின்றது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் குவார்ட்டர்ஸ் கண் முன்னால் வந்தது. சுண்ணாம்பு வாடை அடிக்கும் இரண்டு அறைகள். குழாயில் தண்ணீர் வராவிட்டால் அவன்தான் போய்க் கேட்க வேண்டும். மெஷின் நின்றால், எவன்டா பொறுப்பு என்று அவனைத்தான் கூப்பிடுவார்கள். இங்கே எது கெட்டாலும் அவன் பெயர் அடிபடாது. மாமனார் வீடு, மச்சான் ரகளை, மாமியார் சமையல். அவன் வெறும் மாப்பிள்ளை. இத்தனை நாளும் மூச்சு முட்டுகிறது என்று மனதுக்குள் புலம்பியதெல்லாம் கதவு பூட்டியிருக்கிறது என்ற தைரியத்தில்தான்.

ஆம்புலன்ஸைத் திரும்பக் காலாக்கினான். இரண்டு கால்களையும் இடுப்பில் செருகி, அலுங்காமல் ஃப்ரீசருக்குள் வைத்துக் கதவைச் சாத்தினான். பின்பக்கம் போய்ச் சூப்பர்வைசருக்குப் போன் போட்டான்.

"இப்போதைக்கு முடியாது சார். வீட்டுல சூழ்நிலை சரியில்ல."

"சரிப்பா. இன்னொருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான், அவனுக்குக் குடுத்துடுறேன்." போன் வைக்கப்பட்டது. ஏன், என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை மனுஷன்.

உள்ளே வந்து மனைவியிடம், "இன்னும் வரல" என்றான்.

மாமியார் எழுந்து ஐஸ் எடுக்கப் போன அடுத்த நிமிஷம் வீடு அலறியது.

"ஐயையோ, கால் போச்சு! நான் ஒண்ணும் பண்ணல, நான் ஒண்ணும் பண்ணல!"

எல்லோரும் ஓடினார்கள். மாமியார் கையில் நெஞ்சும் கைகளும் இருந்தன. கால்கள் ஃப்ரீசரிலேயே நின்றுகொண்டிருந்தன. கடையிலிருந்து ஓடிவந்த மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா! நான் சொன்னேனா இல்லையா? தொழில்காரன் பேச்சக் கேளு மாப்ள!" இரண்டு கால்களையும் எடுத்து மாப்பிள்ளையின் கையில் திணித்தான். அந்தச் சந்தோஷத்தில் இன்னும் ஒன்று தோன்றி, அம்மா கையிலிருந்த நெஞ்சையும் வாங்கி நீட்டினான். "இந்தா, இதையும் வச்சுக்க. முழுசா எடுத்துட்டுப் போ. காலில்லாதவன வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? எங்கயோ ஒரு எடத்துல ஒழுங்கா நிக்கட்டும்."

"நல்லபடியாப் போய்ட்டு வாங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார், பேப்பரை மடித்துக்கொண்டே. "தப்பா எடுத்துக்காதீங்க. என் முதுகுக்கும் அந்த ரூம் கட்டில்தான் தோது. கேக்கக் கூச்சமா இருந்துச்சு."

அவனைப் பிடித்துவைத்திருந்ததாக அவன் நினைத்த அத்தனை பேரும் வழிவிட்டு நின்றார்கள்.

மனைவி சிரித்தாள். அவன் பார்த்து நாளாகியிருந்த சிரிப்பு. "போன் போடுங்க. சாயங்காலத்துக்குள்ள சொல்லணும்ல?"

"போட்டுட்டேன்."

"எப்போ?"

"கொஞ்சம் முன்னாடி. முடியாதுன்னு சொல்லிட்டேன்."

ஃப்ரீசர் கதவு திறந்தே கிடந்தது. குளிர் புகையாக வழிந்தது. யாரும் சாத்தவில்லை.

"கால் கழலலங்கிறதாலயா?" என்றாள்.

அவன் வாயைத் திறந்தான். இவ்வளவு பேர் முன்னால் பொய் வரவில்லை. "கழண்டுச்சு. அதுக்கப்புறம்தான் போட்டேன்."

அவள் கத்துவாள் என்று மாமியார் எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. பால் கணக்கு கேட்கிற குரலில் பேசினாள். "நான் பொறந்ததே இந்த வீட்டுல. உங்களக் கட்டிக்கிட்டது இங்கேருந்து வெளிய போகத்தான். நீங்க உள்ள வந்து உக்காந்துட்டீங்க. சரி, ஒழுகுதுன்னு வந்தோம்னு பேசாம இருந்தேன். ஒவ்வொரு நாளும் வரல வரலன்னீங்களே, நானும் அண்ணனத்தான் திட்டிக்கிட்டிருந்தேன்."

"திரும்பக் கேட்டுப் பாக்குறேன்..."

"வேண்டாம். கேக்குற ஆளு நீங்க இல்ல."

அவள் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தக்கூட இல்லை. பெட்டி திறக்கும் சத்தமும், பிறகு ஹேங்கர்கள் ஒவ்வொன்றாகக் கம்பியில் மாட்டும் சத்தமும் கேட்டன. மாமியார் ஃப்ரீசரைச் சாத்தினார். மாமனார் தன் நாற்காலிக்குத் திரும்பி, மடித்த பேப்பரை மறுபடி விரித்தார்.

மச்சான் கூடத்துத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெரியவனின் நெஞ்சை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டான். தனக்குத் தெரிந்ததைக் கேட்டான்.

"அப்போ கால குடு மாப்ள. நிக்க வைப்போம்."

உலோகத்தில் உறைபனி உருகி மாப்பிள்ளையின் மணிக்கட்டு வழியாகச் சட்டைக் கைக்குள் இறங்கியது. அறையில் இன்னொரு ஹேங்கர் மாட்டும் சத்தம். அவன் மச்சானுக்கு எதிரில் உட்கார்ந்து, இடது காலை முதலில் கொடுத்தான்.